உள்மடத்துக்குப் போன தேஸ்ஸா

இத்தாலியில் அரெத்சோவை அடுத்த எங்கள் மலையூரில், கன்னியர் மடத்துத் தோட்டத்தை மாசோதான் பார்த்துக்கொண்டான். வளர்பிறையில் கீரையும் அவரையும் விதைப்பான். தேய்பிறையில் பூண்டும் வெங்காயமும் நடுவான். பெரிய பண்ணைகளில் கூப்பிட்டும் போகவில்லை. காரணம் ஊருக்கே தெரியும்.

அவனுக்குக் கல்யாணமான புதிதில், மடத்துக்கு மாதா படம் வரைய வந்த ஓவியர் அவன் மனைவி தேஸ்ஸாவைத்தான் மாதாவாக உட்கார வைத்தார். மரப்பலகையில் வரைந்து முடித்த படம் நேராக உள்மடத்துக்குப் போயிற்று. அங்கே ஆண்கள் நுழையக் கூடாது. மாசோ அதைப் பார்க்கவே இல்லை. அந்தக் கோடையில் தேஸ்ஸா காய்ச்சலில் இறந்துபோனாள்.

காய்கறிக் கூடையை வாங்கக் கம்பிச் சன்னலுக்கு வரும் சிஸ்டர் உமிலியானாவிடம் விசாரிப்பான்.

"எப்படி இருக்கா?"

"யாரு, மாதாவா?"

"ரெண்டு பேரும்தான்."

"மெழுகுவத்திப் புகையில முகம் கொஞ்சம் கறுத்திருக்கு. பூண்டு ஏன் இவ்ளோ பொடிசா இருக்கு?"

அவன் தலை நரைத்த பிறகு, ஒரு குளிர்காலத்தில் பனி கனத்து உள்மடத்துக் கூரை இடிந்தது. கூரை வேயும்வரை படத்தைத் தோட்டத்துக் கொட்டகையில் வைக்கச் சொன்னார் மடத்துத் தலைவி. வாசலுக்குக் கொண்டுவந்த பலகையைத் தூக்க மாசோவும் கை கொடுத்தான். வழியெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரிந்தது பின்பக்கத்து மரமும் ஆணிகளும்தான்.

கொட்டகைச் சுவரில் சாய்த்த பிறகு பார்த்தான். பொன்னிறக் கூந்தல், நீலக் கண்கள். தேஸ்ஸாவுக்கு இரண்டுமே கறுப்பு.

"இது அவ இல்ல," என்றான்.

பிறகு குழந்தையைத் தாங்கியிருந்த கையைக் கண்டான். கட்டைவிரலில் அரிவாள் தழும்பு. சற்றே வளைந்த சுண்டுவிரல். ஓவியர் கையை மட்டும் மாற்றவில்லை. மாசோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கூரைக்கு மரம் வெட்டிடலாமா?" என்று பிறைக்கணக்கு தெரிந்த மாசோவிடம் கேட்டார் கூரை வேலைக்கு வந்த தச்சர் பிராந்தினோ.

"வளர்பிறைல வெட்டினா புழு அரிச்சிடும். தேய்பிறை வரட்டும்."

"மரத்துக்காகச் சொல்றியா, உனக்காகவா?"

மரத்தைப் பற்றி மாசோ சொன்னது உண்மைதான். ஆனால் மாலைதோறும் சைப்ரஸ் மரங்களுக்கு மேல் நிலா பருத்து முழுநிலவை நெருங்குவதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை. ரொட்டியைக் கொட்டகைக்கே கொண்டுபோய், அந்தக் கையின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

நிலா தேய்ந்தது. மரம் வெட்டினார்கள், கூரை எழுந்தது, படம் உள்ளே போயிற்று.

அடுத்த கூடையை வாங்க வந்த உமிலியானா சன்னலைவிட்டு நகரவில்லை.

"மாசோ, இத்தன வருஷமா முகத்தையே பாத்துட்டு உனக்குச் சேதி சொல்லியிருக்கேன். அந்தத் தழும்பு நேத்துதான் கண்ணுல பட்டுச்சு."

"அவரைக் கொடி அறுக்கறப்ப பட்டது," என்றான் மாசோ. "ரத்தம் கொட்டுது, இவ சிரிக்கிறா."

"இனிமே கையைப் பத்தியும் சொல்றேன்," என்று கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார் சிஸ்டர்.