சீனக் கல்லில் அப்பாவின் பெயர்

எங்கள் பேராசிரியருக்குச் சீன முத்திரைகளைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. அவரே சொல்வார். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வரலாறு எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, சீன முத்திரைக் கலையில் பிறநாட்டுச் செல்வாக்கு என்று தி. நகரில் ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தார். முத்திரை என்றால் பெயர் செதுக்கிய சின்னக் கல். சிவப்பு மை தொட்டுக் காகிதத்தில் அழுத்தினால் கையெழுத்துக்குச் சமம். அவரிடம் இருந்தவை எல்லாமே புகைப்படங்கள். அசல் கல் ஒன்றாவது கிடைத்தால் தேவலை என்று வகுப்பில் புலம்பினார்.

எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. அப்பா ரங்கூனில் அரிசி மண்டியில் வேலை பார்த்தவர். பக்கத்துக் கடைச் சீனர் முத்திரை செதுக்குகிறவர். அப்பாவின் பெயரைத் தமிழில் எழுதி வாங்கி, வளைவுகளையெல்லாம் நிமிர்த்தி, ஒரு சதுரத்துக்குள் அடைத்துச் செதுக்கிக் கொடுத்திருந்தார். தலைப்பக்கம் ஒரு குட்டிச் சிங்கம். பர்மாவை விட்டுக் கப்பலேறியபோது நகைநட்டெல்லாம் அங்கேயே போயிற்று. இந்தக் கல்லைச் சுங்கத்தில் யாரும் சீந்தவில்லை. அப்பாவுக்கு ரங்கூன் என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மயிலாப்பூருக்கு வந்தபின் சீன மை தீர்ந்துபோய்விட்டது. அம்மாவின் குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்து, என் பாடப்புத்தகங்களில் எல்லாம் முத்திரை குத்துவார்.

“உங்க பேருக்கு குங்குமம் ஒண்ணுதான் குறைச்சல்” என்பாள் அம்மா.

கல்லைப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். சிங்கத்தைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார். சீனாவில் ஏது சிங்கம், பௌத்தத்தோடு நம் பக்கத்திலிருந்து போனதுதான் என்றார். மங்கோலிய எழுத்து, மஞ்சு எழுத்து, திபெத்திய எழுத்து என்று ஒவ்வொன்றும் சீன முத்திரையில் ஏறிய கதையை அரைமணி நேரம் சொன்னார். பிறகு கல்லைத் திருப்பினார்.

“என்னம்மா இது, தமிழ் இருக்கு? எவனோ ஏமாத்தியிருக்கான். சுத்தமான சீனச் சாமானா இருந்தா கொண்டா.”

உலகத்து எழுத்தெல்லாம் ஏறலாம். எங்கள் அப்பா ஏறினால் மட்டும் தீட்டு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் மார்க் போடுகிறவர், அப்பா போடாதவர். ஆகவே வீரத்தையெல்லாம் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துவந்து அப்பாவிடம் காட்டினேன்.

“இந்தத் தமிழ் இல்லாம இருந்தா வெச்சிருப்பாங்க. உங்களால எனக்கு மானம் போச்சு” என்றேன். அப்பா என் கையிலிருந்து கல்லை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை கிணற்றடியில், துவைக்கிற கல்லில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். கல்சட்டி செய்கிற கல்லைப்போல மிருதுவான கல் அது, சீக்கிரமே தேய்ந்துவிட்டது. அப்பாவின் பெயர் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

“சுத்தமாயிடுச்சும்மா. இப்போ கொண்டு போ.”

வாங்கிக்கொண்டு போனேன்.

நேற்றுப் பார்த்த அதே கல் என்பது பேராசிரியருக்கு நினைவில்லை. நிபுணர் அல்லவா! “எழுத்தே இல்லையேம்மா. எழுத்து இல்லாத முத்திரை வெறும் கல்லு” என்றார். அப்போது மின்விசிறிக் காற்றில் மேஜைமேல் இருந்த கண்காட்சித் துண்டுப்பிரசுரங்கள் பறந்தன. கல்லை எடுத்து அவற்றின்மேல் வைத்தார்.

இதை வீட்டில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் கண்காட்சிக்கு வந்துவிட்டார். கண்ணாடிப் பெட்டிகளை இரண்டு சுற்றுச் சுற்றித் தேடினார். கடைசியில் நாங்கள் நின்றிருந்த மேஜைக்கு வந்தார். அங்கேயும் துண்டுப்பிரசுரங்களின்மேல் கனத்துக்கு வைத்திருந்த கல்லைப் பார்த்ததும் கையில் எடுத்தார்.

“பெரியவரே, அதை எடுக்காதீங்க. பேப்பர் பறக்கும்” என்றார் பேராசிரியர்.

அப்பா காகிதங்களை அடுக்கி, கல்லை நடுவில் திரும்ப வைத்தார். பேராசிரியர் என் பக்கம் திரும்பி, “யாரும்மா, உனக்குத் தெரிஞ்சவரா?” என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

“இல்லீங்க, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்று சொல்லிவிட்டு அப்பா படியிறங்கிப் போனார்.