சவுரிக்குப் பூக் கேட்ட கதை

சவுரி வைக்கலாமா வேண்டாமா என்று சாமியிடம் போய்க் கேட்ட குடும்பம் கோயமுத்தூர்ப் பக்கத்தில் எங்களுடையது ஒன்றுதான் இருக்கும்.

வால்பாறை ரோட்டில் அப்பா வண்டியோடு விழுந்து, காலில் கம்பி வைத்துப் படுத்திருந்தபோது, அம்மாவின் தங்கையான சித்தி தன் முடியைப் பழனிக்கு நேர்ந்துகொண்டாள். இடுப்பைத் தாண்டிய சுருட்டை முடி. அப்பா எழுந்து நடந்தார். சித்தி மொட்டைத் தலையோடு சிரித்துக்கொண்டே மலையிறங்கினாள். முடி காதைத் தொடுகிற சமயத்தில் அவளைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. காபியைக் குடித்த சூட்டோடு கிளம்பியும் போனது. பெண்ணுக்கு ஏதோ சீக்கு போல என்று தரகரிடம் சொன்னார்களாம்.

அடுத்ததாகச் சத்தியமங்கலத்திலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. தன் புருஷனுக்காகப் போன முடியால் தங்கையின் கல்யாணம் நின்றால் தன்னால் தாங்க முடியாது என்று அம்மா ஒரு பாட்டம் அழுதாள். பிறகு காந்திபுரத்துக்குப் பஸ் ஏறிப்போய், கிளிப் வைத்த சவுரி ஒன்றை வாங்கிவந்தாள். மாட்டிவிட வந்த பார்லர் அக்கா, சித்தியுடையது சுருட்டை, சவுரியோ நேர்முடி, குனியாமல் இருந்தால் ஒரு மணி நேரம் தாங்கும் என்றார். குனியாமல் காபி கொடுப்பது எப்படி என்று வீட்டில் ஒத்திகை நடந்தது. சவுரி நழுவி அப்பாவின் மடியில் விழுந்தது. அப்பா அதைப் பூனைக்குட்டியைப் போலத் தடவிக்கொடுத்தார். அம்மாவைத் தவிர எல்லோரும் சிரித்தோம்.

சித்தி சவுரியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சாமிக்குக் குடுத்துப்போட்டு, கடையில போயித் திருப்பி வாங்கி வெச்சுக்கிட்டா முருகன் என்னக்கா நெனைப்பாரு?"

"நீ குடுத்த முடிக்குப் பதிலாத்தான அம்மணி? கொஞ்ச நாளைக்கு எரவலா வெச்சுக்கறோம், அவ்வளவுதான்."

பேச்சு முடியவில்லை. கடைசியில் வீதிப் பிள்ளையாரிடம் பூக் கேட்பது என்று முடிவாயிற்று. தம்பி மனசு அண்ணனுக்குத் தெரியாதா என்று அப்பா சொன்னதை யாராலும் மறுக்க முடியவில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சவுரி வைப்பது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது. எடுக்கக் குழந்தை வேண்டுமே, அது நான்.

எனக்கு வெள்ளைதான் வரவேண்டும். விசேஷம் முடிந்ததும் சவுரி உனக்குத்தான் என்று அம்மா சொல்லியிருந்தாள். விடியற்காலையில் சித்தி தலைக்கு ஊற்றிக்கொண்டு, பூப்பறித்து, வாழையிலையில் மடித்து, நார் சுற்றிக் கொண்டுவந்து பிள்ளையார் காலடியில் வைத்தாள். நான் கண்ணை இறுக்க மூடி, இருக்கிற பக்தியையெல்லாம் திரட்டி ஒன்றை எடுத்தேன். சிவப்பு. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு ஆறவில்லை. எல்லோரும் வாசலுக்குப் போனபின் அந்த வெள்ளைப் பூவையாவது பார்க்கலாம் என்று மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் சிவப்பு. திரும்பிப் பார்த்தால் சித்தி நிற்கிறாள்.

"ரெண்டு தடவ சொல்லிப்போட்டாரு கண்ணு. இனி என்ன பண்றது?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். சாமி சமாச்சாரத்தை வெளியில் சொல்லக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி இருக்கிற முடியில் ஒரு முழம் மல்லிகையை எப்படியோ குத்திக்கொண்டு, நன்றாகவே குனிந்து காபி கொடுத்தாள். முடி எங்கே என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதற்கு, பழனியில் இருக்கிறதுங்க என்றாள். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். அவர்தான் இன்றைக்கு என் சித்தப்பா.

வெள்ளைப் பூவையே சிவப்பாக்குகிற பிள்ளையார் எங்கள் வீதியில் இருக்கிறார் என்று வெகுகாலம் பெருமையாக நம்பிக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு முன்னால் அவரைத் தவறாமல் கும்பிட்டேன். பொட்டலம் கட்டியது யார் என்று மட்டும் எனக்கு யோசிக்கத் தோன்றவேயில்லை.