மைனஸ் பதினொன்று

வாசல்காரர் வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட எண் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்று அவருடைய அலுவலகத்தில் ஒரு வதந்தி. தண்ணீருக்கு மூன்று, தலைவலி மாத்திரைக்கு ஏழு என்றார்கள். நேரே போய் அவர் மனைவியிடமே விசாரித்தேன்.

"கேக்கறதுக்கெல்லாம் நம்பர் கிடையாது. அவர் பதில் சொல்றதுக்குத்தான் நம்பர்," என்றார் அவர், வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

எல்லாம் தொழில் தோஷம். கணினியில் எந்த நிரலும் தன்னிஷ்டத்துக்கு ஒரு கோப்பைத் திறந்துவிட முடியாது. கெர்னல் என்கிற உட்கருவின் வாசலில் வந்து, வேலையின் எண்ணைச் சொல்லிக் கைகட்டி நிற்க வேண்டும். அந்த அழைப்புகளைக் கவனிக்கும் பகுதியை எழுதுகிறவர் நம் ஆள். வாசல்காரர் என்ற பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். காரியம் நடக்காவிட்டால் காரணத்தை ஒரு மைனஸ் எண்ணாகத் திருப்பி அனுப்புவார். மைனஸ் ஒன்று என்றால் அனுமதியில்லை. மைனஸ் பதினொன்று என்றால் இப்போது முடியாது, மறுபடி முயன்று பார்.

மகள் இதைக் கேட்டே வளர்ந்தவள். "சினிமாவுக்குப் போகட்டாப்பா?" "மைனஸ் ஒண்ணு." "போப்பா, நீயும் உன் நம்பரும்."

நான்கு வருடத்துக்கு முன், வேலைக்குப் போன ஊரிலிருந்து ஒரு மதியம் அவள் போன் செய்தாள். தோளில் போனை இடுக்கியபடி அவர் திரையில் ஆழ்ந்திருந்தார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே திரும்பி வருது?" என்றார்.

"மைனஸ் பதினொண்ணு."

போனில் மகள், "சரிப்பா," என்று வைத்துவிட்டாள். அவள் கேட்டது என்ன என்பதைச் சாயங்காலம் மனைவி சொல்லித்தான் அறிந்தார்: "எனக்கு இங்க ஒட்டவே இல்லப்பா. வந்துடட்டுமா?"

உடனே போனை எடுத்தாராம். "இருங்க. 'அப்பாவே சொல்லிட்டார், இன்னொரு தடவை பாக்கறேன்'னு இப்பத்தான் அழுகைய நிறுத்தியிருக்கா," என்று மனைவி தடுத்துவிட்டார்.

இப்போது அங்கே அவளுக்குக் கீழே ஆறு பேர். ஞாயிறுதோறும் பேசுகிறாள். "அன்னைக்கு நீ அப்படிச் சொல்லலன்னா ஓடி வந்திருப்பேன்ப்பா," என்பாள் பெருமையாக. "ம்," என்பார் இவர். பிறகு போய், யாரும் படுக்காத அவள் கட்டிலின் விரிப்பை மாற்றிப் போடுவார்.

எந்த அழைப்பையும் பதிலில்லாமல் அனுப்பக் கூடாது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவர் மகளுக்குத் தர வேண்டிய பதில் ஓரெழுத்து. வா. போன ஞாயிறும் தரவில்லை.