காற்று விழுந்த காலை

மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்கள் வெறுங்கலனோடு திரும்பிய அந்த ஆண்டில்தான், பருத்தித்துறை இளையதம்பி இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படகில் பாய் கட்டினார். மீசை முளைக்குமுன் கடலில் இறங்கியவர். போர்க்காலத்தில் படகுகளைப் பறிகொடுத்தும் வேறு தொழில் தேடாதவர். துணைக்கு மருமகன் சிவதர்ஷன் வந்தான்.

கப்பல்கள் போகும் கடலில் இயந்திரமில்லாமல் தகப்பனும் கணவனும் போவதில் மகள் தாரிகாவுக்குத்தான் பயம். மின்னணுவியல் படித்தவள், தானே பொருத்திய சிறு பெட்டியொன்றைக் கொண்டுவந்தாள்.

"கப்பலுகள் தாங்கள் எங்கை நிக்கிறம், எவ்வளவு வேகம் எண்டு வானலையிலை சொல்லிக்கொண்டே போகுமப்பா. இது அதைக் கேட்டு, கிட்ட வந்தால் கத்தும். இதின்ரை கரண்டுக்கு இந்தச் சின்னச் சோலர் தகடே காணும்."

"எங்களை அவங்களுக்குக் காட்டுமோ பிள்ளை?"

"இல்லையப்பா. அதுக்கு வேறை பெட்டி வேணும். அது கனக்கக் கரண்ட் குடிக்கும்."

பெட்டி அவர்களோடு கடலுக்குப் போய்வந்தது. இரண்டு தடவை அது கத்தியபோது பாயைத் திருப்பி விலகினார்கள். தாரிகா நிம்மதியாக உறங்கத் தொடங்கினாள்.

ஒரு காலை வலையை இறக்கிய கையோடு காற்று விழுந்தது. பாய் துவண்டு தொங்கியது. எங்கும் மழைப்புகார்; நாலு பாகத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பெட்டி கத்தத் தொடங்கியது.

சிவதர்ஷன் திரையைப் பார்த்தான். "மாமா, நேரை எங்களுக்குத்தான் வருது."

இருவரும் துடுப்பை வலித்தார்கள். வலை படகைப் பிடித்திழுத்தது. இளையதம்பி கத்தியெடுத்து வலைக்கயிற்றை அறுத்தார். சட்டையைக் கழற்றி வீசிக் கத்தினார். அந்தப் புகாருக்குள் யார் பார்ப்பது? பெட்டியின் சத்தத்தை விட கப்பலின் இயந்திர இரைச்சல் பெரிதாகியது. பிறகு வீட்டுச் சுவர் நகர்வதுபோல் கறுப்பாக ஒன்று பக்கத்தால் போயிற்று. கப்பல் இடிக்கவில்லை. அதன் அலைதான் படகைத் தூக்கி அடித்தது. சிவதர்ஷன் பாய்மரத்தில் தோள் மோதி விழுந்தான். கப்பல் நிற்கவுமில்லை, ஊதவுமில்லை.

பாதிக்கு நீர் நிறைந்த படகை இளையதம்பி தனியே வலித்தார். மருமகன் முனகும்போதெல்லாம், "இந்தா வந்திட்டம், இந்தா வந்திட்டம்" என்றார். கரை கண்ணுக்கே தெரியவில்லை. உச்சிவெயிலில் வேறொரு படகுக்காரர் கண்டு கட்டியிழுத்து வந்தார்.

ஆசுப்பத்திரி விறாந்தையில் தாரிகா அழவில்லை.

"பெட்டி கத்தேல்லையோ அப்பா?"

"கத்தினது பிள்ளை. நேரத்துக்குக் கத்தினது. எங்களாலைதான் படகை அரக்கி விலத்த ஏலாமல் போச்சு."

சிவதர்ஷனின் முறிந்த தோள் பொருந்தியும் கை மேலே எழும்பவில்லை. இப்போது அவன் சந்தையில் மீன் நிறுக்கிறான். புது வலை வாங்க வழியில்லாமல் இளையதம்பி வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறார். தகப்பன் கரையேறும்வரை தாரிகா துறையடியில் நிற்கிறாள்.