சணல் சுற்றிய புல்லாங்குழல்

இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. சாலையில் லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் நான் கை காட்டவில்லை. ஏறினால் டிரைவர் எந்த ஊருக்கு என்று கேட்பார். சொல்வதற்கு என்னிடம் ஊர் எதுவும் இல்லை.

தோளில் துணிப்பை. அதில் ஒரு லுங்கி, ஒரு சட்டை, அந்தச் சட்டைக்குள் சுருட்டிவைத்த முழ நீள இரும்புக் குழல். லுங்கியும் சட்டையும் என்னுடையவை. குழல் என்னுடையது இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் நான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து, முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போன நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தேன். பெங்களூர் சாலையில் கிழக்குப் பக்கமாக, மெட்ராஸை நோக்கி நடந்தேன். வெயில் முதுகில் விழுந்தது.

அது எண்பதுகளில் ஒரு வருடம். அந்தப் பட்டறைக்கு நான் வருவதற்கு முன் எண்ணெய்ச் செக்கில், லாரியில், பெட்ரோல் டேங்கர் கழுவும் இடத்தில் என்று பல வேலைகள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஓர் இடத்தில் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. இந்தப் பட்டறையில் தங்கினேன். படுக்க ஒரு பழைய ஜீப்பின் உடல் இருந்தது. முதலாளியின் மனைவி மதியம் சோறு கொடுத்தனுப்புவார். நான் கேட்டதில்லை, அவர் நிறுத்தியதும் இல்லை.

முதலாளி ஆதியில் பம்ப்செட் மெக்கானிக். சுற்று வட்டாரத்துக் கிணறுகளுக்கெல்லாம் மோட்டார் இறக்கிக் குழாய் போட்டவர். அவர் முறுக்கிய இணைப்பில் சொட்டுத் தண்ணீர் கசியாது என்று ஒரகடம் வரைக்கும் பேர். அதற்குப் பிறகுதான் டிராக்டர், அப்புறம் கார் என்று வந்தார். எதையும் பார்த்தே கற்றுக்கொள்வார். நல்ல கை.

மெட்ராஸிலிருந்து ஒரு பணக்காரர் தன் வெளிநாட்டுக் காரை அவரிடம் விட்டிருந்தார். ரேஸில் ஓட்டுகிற கார். நம் ஊர்க் கார்களில் கார்ப்பரேட்டர் இருக்கும், இதில் இல்லை. இன்ஜின் தலைமேல் ஒரு குழல் படுத்திருக்கும். அதிலிருந்து கீழே நான்கு கால்கள். ஒவ்வொரு காலிலும் ஓர் ஊசி பெட்ரோலைப் பீய்ச்சும். நாங்கள் அதைப் புல்லாங்குழல் என்றுதான் சொல்வோம். அதன் இரண்டு முனையிலும் ரப்பர் டியூபைச் செருகி கிளிப் போட்டிருந்தார்கள். ரப்பர் வெடித்துப்போயிருந்தது. பணக்காரர் ரேஸ் காருக்கென்றே செய்த டியூபைக் கொண்டுவந்தார். மேலே எஃகுக் கம்பி பின்னிய டியூப். ஆனால் அதன் முனை செருகுவதல்ல, திருகுவது. குழலிலோ திருகுவதற்கு மரையே கிடையாது.

ஆகவே குழலின் முனைகளை அறுத்து, மரை வெட்டி, பித்தளையில் ஓர் இணைப்புக் கடைந்து பொருத்த வேண்டும். முதலாளி அதைத்தான் செய்தார். குழலின் சுவர் மெல்லியது. மரை இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் பிடிக்கவில்லை. அவரிடமிருந்த மரை வெட்டும் டேப்பும் பம்ப்செட் குழாய்க்கு உரியது. பித்தளை உள்ளே போய் லேசாக ஆடியது. அவர் யோசிக்கவே இல்லை. கிணற்றுக் குழாய்க்குச் செய்கிற மாதிரி மரையில் சணல் சுற்றி, சிவப்புப் பெயிண்ட் குழைத்துத் தடவி, முறுக்கி, மேலேயும் ஒரு கை பெயிண்ட் அடித்துக் காயவைத்தார்.

லாரிக்குப் பெயிண்ட் அடித்த காலத்தில் கையில் ஒட்டிய சிவப்பை நான் பெட்ரோலில் நனைத்த துணியால்தான் துடைப்பேன். அதைச் சொன்னேன். பித்தளையை உருக்கி ஒட்டிவிடலாம் என்றும் சொன்னேன். நெருப்புக் காட்டினால் குழல் கோணிவிடும், ஊசிகள் நேராக உட்காராது என்றார். அது உண்மைதான். பெயிண்ட் ஈரமாக இருந்தால்தான் கரையும், காய்ந்தால் கல் என்றார். நான் மறுபடி வாய் திறந்தபோது ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஓட்டப் போறது யாரு? என் பொண்டாட்டி கூடப் பொறந்தவன். அவனுக்கு நான் கெடுதல் பண்ணுவனா?”

அவர் செய்ய மாட்டார். அவருடைய மச்சான்தான் அந்தக் காரை ஓட்டப் போகிறவன். பணக்காரருக்கு முதுகுவலி, ஞாயிற்றுக்கிழமை ரேஸில் ஸ்டியரிங்கை இவனிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அவனிடமும் போய்ச் சொல்லிப் பார்த்தேன். எங்க மாமா போட்ட பைப்பு, ஏரியே வத்தினாலும் அது கசியாது என்று சிரித்துவிட்டுப் போனான்.

டேங்கர் கழுவும் இடத்தில் ஒருவன் மேல் தீப் பற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். உருண்டான், மண்ணை அள்ளிப் போட்டோம், பலனில்லை. இன்னொரு தடவை பார்க்க எனக்கு இஷ்டமில்லை. குழலைத் திரும்ப இன்ஜினில் ஏற்றும் முன் எடுத்துவிட்டேன்.

தண்டலத்தில் ஒரு சைக்கிள் கடையில் தண்ணீர் கேட்டுக் குடித்துக்கொண்டிருந்தபோது மொபெட் வந்து நின்றது. மச்சான்தான். இறங்கியதும் என் பையைப் பிடித்துக்கொண்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

“இத்தக் குடுத்துட்டு எங்க வேணா போ. நான் யாருக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“காத்தடிச்சுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போ, தம்பி” என்றேன்.

கடைக்காரர் வயதானவர், பேச்சுப் பிரியர். குழலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னாபா இது, ஊதுறதா, உறிஞ்சறதா?” என்றார். நான்கு கால்களிலும் மரக்கட்டை செதுக்கி டியூப் ரப்பர் சுற்றி அடைத்தோம். ஒரு முனையை அடைத்து, மறு முனையில் சைக்கிள் டியூபின் வால்வைக் கட்டினோம். பஞ்சர் பார்க்கிற தொட்டியில் குழலை அமுக்கிக் காற்றடித்தேன். அந்த ஊசிகளுக்குச் சைக்கிள் டயர் அளவுக்குத்தான் அழுத்தம் வேண்டும். அடித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு குமிழிகூட வரவில்லை.

மச்சான் தொட்டி ஓரத்தில் குந்தி, தண்ணீருக்கு வெகு அருகில் முகத்தை வைத்துப் பார்த்தான். பிறகு சிரித்தான். “பாத்தியா. மாமா கையி.”

“இந்தக் கைக்காரரு இங்க வந்துட்டா நான் கடைய மூடிக்கினு போக வேண்டியதுதான்” என்றார் கடைக்காரர்.

வீணாகத் திருடனாகிவிட்டேனோ என்று பட்டது. இருந்தாலும் சொன்னேன். காற்றுக்கும் தண்ணீருக்கும் அது நிற்கும், பெட்ரோல் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுப் பார்ப்போம் என்று. அவன் மறுத்துக் குழலைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது. மொபெட்டின் பெட்ரோல் டியூபைக் கழற்றி அவனே பிடித்துக் கொடுத்தான்.

குழலை நிரப்பி அடைத்து, கடையின் கம்பியில் தொங்கவிட்டுக் காத்திருந்தோம். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். பேசிக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஓட்டினால் பணக்காரர் அவனைக் கூடவே வைத்துக்கொள்வாராம். கல்கத்தாவுக்கு, எங்கெங்கோ ரேஸுக்குக் கூட்டிப் போவாராம். அப்பாவோடு ஏர் பிடிக்க வேண்டாம். கம்பெனி கேட்டில் வேலை கேட்டு நிற்க வேண்டாம். சொல்லும்போது கை தானாகக் கியர் மாற்றியது. நான் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நிறம்தான் மாறியது. பித்தளையும் இரும்பும் சேரும் இடத்தில் பெயிண்ட் பளபளவென்று ஈரமானது. பிறகு அடியில் சிமெண்டுத் தரையில் ஒரு சிவப்புச் சொட்டு. கொஞ்சம் கழித்து இன்னொன்று. மச்சான் எழுந்து போய் விரலால் தொட்டான். பெயிண்ட் விரலோடு வந்தது. அதற்கடியில் சணல் ஊறி, பிரிந்து கிடந்தது.

கடைக்காரர் காதில் செருகியிருந்த பீடியை எடுத்துக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

வால்வைக் கட்டிப் பம்பை ஒரு அழுத்து அழுத்தினேன். மெல்லிய தூறலாக அவன் சட்டை மார்பில் பீய்ச்சியது. அவன் நகரவில்லை. சட்டையைத் தூக்கி மோந்து பார்த்தான்.

சரி, இப்போது மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டு என்றேன். அவன் தலையாட்டினான், முடியாது என்று.

“அவரு கைய நம்பித்தான் இந்தச் சுத்துப்பட்டே கீது. என்னையே கொளுத்தப் பாத்தீங்கன்னு எப்புடி அவருகிட்ட சொல்லுவேன்? எங்க அக்கா அந்த வூட்ல வாழ வேணாமா?”

அவன் குழலைக் காலி செய்து, துடைத்து, என் சட்டையிலேயே சுருட்டிப் பையில் வைத்து முடிச்சும் போட்டான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்.

“நீ ஆப்புடலன்னு சொல்ட்றேன். பஸ் ஏறிட்டான், திருடிக்கினு பூட்டான்னு. நீ அந்தப் பக்கம் வந்துடாத.”

“ஞாயித்துக்கிழமை?”

“கொழலு இல்லாம வண்டி எப்புடி ஓடும்?”

மொபெட்டை அவன் ஓட்டவில்லை. சட்டையில் பெட்ரோல் இருந்ததால் தள்ளிக்கொண்டே மேற்குப் பக்கம் போனான். வெயில் அவன் முகத்துக்கு நேரே இருந்தது. தெரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறி உட்காரவே இல்லை. இனி அந்த வீட்டில் என் பேச்சு எப்படிப் பேசப்படும், சோறு கொடுத்தனுப்பிய அம்மா என்ன சொல்வார் என்பதெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தோன்றியது. கடைக்காரர் திரும்பி வந்து தரையில் மண்ணைத் தூவினார். கடை வாசலில் படுத்துக்கொள்ளச் சொன்னார்.

காலையில் செம்பரம்பாக்கம் பக்கம் நடந்தேன். சாலையோரம் ஒரு நிலத்துக்கு முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள்; ஏதோ கம்பெனி வரப்போகிறது. உள்ளே பள்ளம் தோண்டித் தண்ணீர்க் குழாய் பதித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஆள் குறைவு என்று கத்திக்கொண்டிருந்தார். குழாய் வேலை தெரியுமா என்றார். தெரியும் என்றேன். ஒரு கட்டுச் சணலையும் சிவப்புப் பெயிண்ட் டப்பாவையும் கையில் கொடுத்தார்.

பையைப் பள்ளத்தின் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன். மரையில் சணலைச் சுற்றி, பெயிண்ட் தடவி, ரெஞ்சில் முறுக்கினேன். மேஸ்திரி குனிந்து அதைப் பார்த்துவிட்டு எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். ஸ்ரீபெரும்புதூர் பம்ப்செட்காரரிடம் என்றேன். வேறு என்ன சொல்வது.

“அவரு கை ஆளா? அப்ப ஒழுவாது. நீ இரு” என்றார்.

அடுத்த குழாயை இறக்கினார்கள். நான் சணலைப் பிரித்தேன்.