ஜெகதீஸ்வரி அக்காவுக்கு மட்டும் கேட்ட டிக் டிக்

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்த மின்விசிறி முனகுகிறது என்பதெல்லாம் வீட்டுக்காரருக்கு முன்னரே ஜெகதீஸ்வரி அக்காவுக்குத் தெரிந்துவிடும். கோட்டையில் ஒரு கம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுமுனையில் மூச்சு விடுவதை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாராம். இதைச் சொன்னதும் அவர்தான் என்பதால் நான் கொஞ்சம் கழித்துக்கொண்டே கேட்பேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் கார் ஓட்டப் பழகினார். இழுவைக்கு டர்போ பூட்டிய சின்னக் கார் ஒன்றும் வாங்கினார். அவருடைய கணவர் தியாகராசா அண்ணைக்கு ஓட்டத் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரே வேலை டிவியின் சத்தத்தைக் கூட்டுவது. கோயிலுக்கோ பம்பலப்பிட்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கோ போக அக்கா யாருடைய தயவையும் பார்த்து நின்றதில்லை. அந்தப் பெருமை அவருடைய நடையிலேயே தெரியும்.

ஒரு காலை, காரை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினுக்குள் டிக் டிக் என்று கேட்டது. மேம்பாலம் ஏறும்போது இழுவையும் குறைவாக இருந்தது. அக்கா நேரே கொட்டாஞ்சேனைக்கு, அப்ஹாமின் கராஜுக்குப் போனார். பிரதான வீதி நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் நன்றாகக் கொதித்திருந்தது. அப்ஹாம் பொனட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"சத்தம் ஒண்டும் கேக்கல்லயே அன்டி. வண்டி நல்லாத்தான் ஈக்குது."

காற்று பில்டரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை மறுபடியும் டிக் டிக். மறுபடியும் கொட்டாஞ்சேனை, மறுபடியும் அமைதி.

அக்கா சாட்சிக்கு ஆள் தேட ஆரம்பித்தார். தியாகராசா அண்ணை உதவமாட்டார். அவருக்கு அழைப்பு மணியே கேட்காது. அடுத்த பலி நான். ஆனால் அக்காவிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. காரில் யாராவது ஏறப் போகிறார்கள் என்றால் முதலிலேயே கீழே இறங்கி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டு வைப்பார். புழுக்கத்தில் வருகிறவர்களை ஏற்றுவது மரியாதை இல்லையாம். நான் போய் உட்கார்ந்தபோது எனக்குத் தெரிந்தது குளிர் மட்டும்தான்.

"கேக்குதோ?" என்றார்.

"இல்லை அக்கா."

"இப்பதானே கேட்டது. இது என்னோட விளையாடுது."

கல்கிசையில் இருக்கும் மகள் ரூபிகாவும் வந்து அதே குளிரில் இருந்து பார்த்தாள். அவள் வங்கி மனேஜர். பார்த்த கையோடு முடிவு எடுக்கிற ஆள். பழுது காரில் இல்லை, அம்மாவின் காதில்தான் என்று தீர்மானித்து காது டொக்டரிடம் கூட்டிப் போனாள். காது சரியாக இருக்கிறது, ஆனாலும் சிலருக்கு இல்லாத சத்தம் கேட்பதுண்டு என்றார் டொக்டர். அவர் சொன்னதில் பின்பாதியை மட்டும் ரூபிகா எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, இனி ஓட வேண்டாம். காரை வித்துப்போடுவம். எங்க போறதெண்டாலும் நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

ரூபிகாவுக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்பது அக்காவுக்குத் தெரியும். அன்று மாலை அவரைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை என்று சொன்ன வாய்களில் என்னுடையதும் ஒன்றல்லவா.

ஞாயிற்றுக்கிழமை டிலான் என்ற சிங்களப் பையனை, கார் வாங்குகிறவன் என்று ரூபிகா கூட்டி வந்தாள். அக்கா வீட்டை விட்டு அசையவில்லை. சாவியைத் தூக்கி மேசையில் போட்டார்.

"கீழ போய் ஏசி போட்டு வைக்கேல்லையோ அம்மா?"

"என்ர காரைக் கொண்டுபோக வாறவனுக்கு நான் ஏன் குளிர் போட்டுக் குடுக்க வேணும்? நல்லா வேர்க்கட்டும்."

இரவு முழுதும் ஆறிக் கிடந்த காரின் சாவியை டிலான் திருகினான். டிக் டிக் டிக் டிக். கார் நிறுத்துமிடம் முழுக்கக் கேட்டது. டிலான் பொனட்டைத் திறந்து குனிந்து பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னான்: எஞ்சினின் புகையை டர்போவுக்குக் கொண்டு போகும் மெனிபோல்டின் பொருத்தில் இடுக்கு விடாமல் அடைக்கும் கேஸ்கட் போய்விட்டது. உலோகம் ஆறியிருக்கும்போது அந்த இடுக்கால் புகை தெறிக்கும். சூடேறி விரிந்ததும் இடுக்கு அடைந்து சத்தம் நின்றுவிடும். அவனுக்கு இந்தக் கார் வேண்டாம்.

அதற்குள் அக்காவும் படியிறங்கி வந்திருந்தார். ரூபிகா எஞ்சினுக்குப் பக்கத்தில் தலையைச் சரித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, எனக்கும் கேக்குது."

அக்கா கடைசிப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். தன் காரில் பழுது இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷியை நான் கண்டதில்லை. காரை வேண்டாம் என்ற புண்ணியத்துக்கு டிலானுக்கு வடையும் பிளேன்டீயும் கிடைத்தன.

இந்த முறை காரை முதல்நாளே அப்ஹாமின் கராஜில் விட்டு ஆறவிட்டார்கள். விடிந்ததும் அவர் மெனிபோல்டின் பொருத்தில் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்து ஸ்டார்ட் செய்தார். ஒரு மூலையில் நுரை கொப்புளித்தது. மூடித் தகட்டைக் கழற்றினால், அதே இடத்தில் கரி அப்பியிருந்தது. டர்போவைச் சுழற்ற வேண்டிய புகையில் ஒரு பங்கு அந்த வழியாகப் போனதால்தான் பாலத்தில் இழுவை இல்லை. பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்து, இரும்பு வளைந்திருக்கிறதா என்று அடிமட்டம் வைத்துப் பார்த்து, புதியதைப் போட்டு, நடுவிலிருந்து இரு பக்கமும் ஒவ்வொரு நட்டாக இறுக்கினார்.

"ஆறின வண்டியக் காட்டுங்க எண்டு நான்தான் முதல்லயே செல்லியிருக்கணும் அன்டி."

"பரவாயில்லை தம்பி. என்ர பிள்ளையே நம்பேல்லை, உம்மை என்னெண்டு குறை சொல்லுறது?" என்றார் அக்கா, பிள்ளைக்கு நன்றாகக் கேட்கும்படி.

அப்ஹாம் சாவியை ரூபிகாவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி அம்மாவின் கையில் வைத்தாள். பிறகு சுற்றிப் போய் முன்கதவைத் திறக்கப் பார்த்தாள்.

"பின்னால ஏறு," என்றார் அக்கா. "முன்னால இருந்தா நீ என்னை ஓட விடமாட்டாய்."

வங்கி மனேஜர் பின்சீற்றில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.