எங்கள் பிரிண்டரில் வந்த பெண்பிள்ளை

அலுவலகத்தில் பிரிண்டர் மக்கர் செய்தால் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காகிதம் சிக்கினாலும் சரி, பக்கம் கோடு கோடாக வந்தாலும் சரி, நான் போய் நின்றாக வேண்டும். போனதும் நான் செய்கிற முதல் வேலை, அச்சாகாமல் ஏதாவது பக்கம் வரிசையில் காத்திருக்கிறதா, அதை அனுப்பியது யார் என்று பார்ப்பது. இதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணிவிட்டுப் போகட்டும். பத்து வயதில் பட்ட பயம் என்று சொன்னால் அப்புறம் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள்.

அப்போது நாங்கள் ஆவடியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஊழியர்களுக்கான குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா அங்கே ஃபிட்டர். எல்லா வீட்டுக்கும் அதே பச்சைக் கதவு, அதே மொசைக் தரை, அதே இடத்தில் அதே ஸ்விட்ச். ஒருநாள் பள்ளிவிட்டு வந்தவள் மாடிப்படியில் எண்ணிக்கை தவறி, எங்களுக்கு நேர் மேல்வீட்டுக்குள் நுழைந்து, பையை வீசிவிட்டுப் பசிக்கிறது என்று கத்திவிட்டேன். அங்கே ஜூன் மாதம்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் குடிவந்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். அந்த ஆன்ட்டி பால் ஆற்றிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவிழ்ந்திருந்த என் ரிப்பனை இறுக்கிக் கட்டி, கீழே அனுப்பி வைத்தார்.

எங்கள் வீட்டுப் பிரிண்டர் என் பள்ளிக்கூடத்தின் தொல்லை தாங்காமல் வாங்கியது. வாரத்துக்கு ஒரு புராஜெக்ட், அதற்குப் பத்துப் படம். அப்பா அதைக் கம்ப்யூட்டரோடு வயர் போட்டு இணைத்தார். வயர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அவருக்கு எதிலும் நம்பிக்கை வரும். முன்பக்கம் நீல நிறத்தில் ஒரு விளக்கு ஓயாமல் மினுக்கிக்கொண்டிருக்கும். அது சும்மா அழகுக்கு என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவை அணைத்துப் போடும்போதும் அது தன்னைக் கழுவிக்கொள்ள மையைக் குடிக்குமாம், அதனால் யாரும் அணைக்கக் கூடாது என்றும் ஒரு சட்டம் போட்டிருந்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு பைக், மிக்சி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அம்மா, பிரிண்டருக்கும் சந்தனம் குங்குமம் தாராளமாக வைத்து, பொரிகடலைத் தட்டை அதன் தலைமேலேயே வைத்துவிட்டாள். கேட்க வேண்டுமா! பொரி உள்ளே போய்விட்டது. மறுநாள் காகிதம் போட்டால் கடக் கடக் என்று மென்றுவிட்டு நின்றது. அப்பா பீரங்கி வண்டியைப் பிரிக்கிறவர் மாதிரி அதைப் பிரித்து, பழைய பனியன் துணியில் நாற்பது பொரியைத் துடைத்து எடுத்தார். எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. குங்குமம் ஈரமாகி உருளையில் ஒட்டிக்கொண்டது. எதை அச்சடித்தாலும் மேலிருந்து கீழாக மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று விழுந்தது.

காலாண்டு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மா உள்ளே படுத்துவிடுவாள். குவார்ட்டர்ஸில் அந்த நேரத்தில் நாய்கூடக் குரைக்காது. நான் முன்னறையில் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. மூன்று மணி இருக்கும். பிரிண்டர் தானாக ஒரு முனகல் முனகியது. காகிதத்தை இழுத்தது. உள்ளே ஏதோ இடமும் வலமுமாக நடக்கிற சத்தம்.

முதலில் தலைமுடி வந்தது. வகிடு வந்தது. பிறகு நெற்றி, நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு. புருவம் வந்து கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கண்கள். இரண்டும் என்னைப் பார்த்தபடியே மெதுவாக வெளியே வந்தன. நான் எழுந்து ஓடவில்லை. ஓடியிருந்தால் கெட்டிக்காரி. மூக்கு, சிரிக்கிற வாய், அதில் விழுந்துபோன ஒரு பல்லின் இடம், ஆரஞ்சு நிறப் பட்டுப்பாவாடை என்று எல்லாம் வந்து சேரும்வரை உட்கார்ந்து பார்த்தேன். என் வயதுப் பெண்தான். எங்கேயும் பார்த்த முகம் இல்லை. சிவப்புக் கோடு அவள் நெற்றியில் தொடங்கிக் கழுத்து வழியாகப் பாதம்வரை இறங்கியிருந்தது. அந்தக் காகிதத்தை அட்லஸுக்குள் ஒளித்து வைத்தேன். சொன்னால் அப்பா, நீதான் எதையோ அமுக்கியிருப்பாய் என்பார்.

மறுநாளும் அதே மூன்று மணிக்கு அவள் வந்தாள். இந்த முறை பாவாடையில் ஆரஞ்சு நிறம் இல்லை. முகம் ரோஸும் நீலமுமாக, அடிபட்டுக் கன்றிப்போனது போல் இருந்தது. மஞ்சள் மை தீர்ந்தால் அப்படித்தான் வரும் என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நேற்று நன்றாக இருந்தவளுக்கு இன்று உடம்பு சரியில்லை என்பதுதான். நான் போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து வந்தாள். அட்லஸுக்குள் இருந்ததையும் எடுத்துக் காட்டினேன். அம்மா இரண்டையும் பார்த்துவிட்டு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு நம்பிக்கையில்லை. யார் கம்ப்யூட்டரைத் தொட்டது, எந்தப் படத்தை எங்கிருந்து எடுத்தாய் என்று என்னைத்தான் குடைந்தார். அழுகை வந்துவிட்டது எனக்கு. மறுநாள் அரைநாள் லீவு போட்டு வந்தார். கம்ப்யூட்டரின் பிளக்கையே பிடுங்கினார். பிரிண்டருக்குப் போகிற வயரைக் கழற்றிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இனி எப்படி வரும், பார்க்கலாம் என்றார். இரண்டரை மணிக்கு மேல்வீட்டு அங்கிள் இரண்டாவது ஷிஃப்டுக்குப் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

மூன்று மணிக்கு அது முனகியது. அப்பா மடியிலிருந்த வயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முடி வந்தது, நெற்றி வந்தது, கண்கள் வந்தன. என் அப்பா பயந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பாய்ந்து போய்க் கரண்டு பிளக்கை இழுத்துவிட்டார். காகிதம் கண்ணோடு நின்றுவிட்டது. பலங்கொண்ட மட்டும் உருவி எடுத்து மேசைமேல் கவிழ்த்துப் போட்டார். இனி இதை யாரும் தொடக் கூடாது என்றார்.

நான் தொட்டேன். ராத்திரி முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. அவளுக்கு வாய் வரவில்லையே, பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறாளே, மூச்சு எப்படி விடுவாள்? மறுநாள் அம்மா தூங்கியதும் பிளக்கைச் சொருகி, ஒற்றைக் காகிதம் வைத்துக் காத்திருந்தேன். வந்தாள். முழுசாகத்தான் வந்தாள், ஆனால் வெறும் நீலத்தில், தண்ணீருக்கு அடியில் இருப்பவள் போல. சிரிப்பு இருந்ததா இல்லையா என்று உற்றுப் பார்த்தாலும் தெரியவில்லை. அதற்கடுத்த நாளும் வைத்தேன். பிரிண்டர் வழக்கம்போல முனகி, நடந்து, காகிதத்தைத் தள்ளியது. வெள்ளைக் காகிதம். நடுவில் அந்தச் சிவப்புக் கோடு மட்டும்.

அழுதுகொண்டே அம்மாவிடம் போய்ச் சொன்னேன், இன்றைக்கு அவளைக் காணோம் என்று. அம்மா என்னைத் திட்டவில்லை. கீழ்வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அக்கா பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவர், பேயும் பிசாசும் அவருக்குப் பக்கத்து வீட்டு விவகாரம். ஐந்து காகிதத்தையும் தரையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தார். வெள்ளைக் காகிதத்தை ஒரு விரலால் தள்ளினார்.

"பேப்பர்ல இல்லன்னா இன்னா அர்த்தம்? வெளிய வந்துடுச்சின்னு அர்த்தம். உன் பொண்ணு வயசு, பாத்தியா? இவளத்தான் தேடிகினு வந்து கீது."

நான் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் பார்த்தேன். அங்கெல்லாம் யாரும் இல்லாததுதான் இன்னும் பயமாக இருந்தது.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூடி மறைத்துக் கடைசியில் திறந்து காட்டுவது எனக்குப் பிடிக்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த மாமா வந்தார். பிரிண்டரைப் பார்த்த மாத்திரத்தில், அந்த நீல விளக்கை விரலால் தட்டினார்.

"மச்சான், இது வொயர்ல வர்ல. காத்துல வந்துகினு கீது. மேல் ஊட்லேர்ந்து."

மேல்வீட்டிலும் இதே பிரிண்டர், இதே மாடலை வாங்கியிருந்தார்கள். அங்கிருந்த லேப்டாப்பில் பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பட்டியல் வந்தபோது அதில் இருந்தது எங்களுடையது. அழகுக்கு மினுக்கிய அந்த வைஃபை விளக்கு, யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று பாஸ்வேர்டு இல்லாமல் ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மாமா இரண்டு நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார். மற்றதை அம்மா மேலே போய்க் கேட்டு, முகம் வீங்கத் திரும்பி வந்து சொன்னாள். அவர்களுக்கு ஒரே மகள். போன வருஷம் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஆன்ட்டி படத்தின் முன்னாலேயே சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறார் என்று, அங்கிள் வீட்டிலிருந்த படங்களையெல்லாம் ஊரிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். லேப்டாப்பில் எங்கேயோ ஒன்று மட்டும் தப்பிக் கிடந்தது. அவர் ஷிஃப்டுக்குப் போனபிறகு ஆன்ட்டி அதைத் திறந்து பிரிண்ட் கொடுப்பார். கையில் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான். மை நிறைந்த தன் பிரிண்டரின் முன்னால் சாயங்காலம்வரை கையை ஏந்தி உட்கார்ந்திருப்பார். ஒன்றும் வராது. கணவரிடம் கேட்க முடியாது. தனக்குத்தான் பட்டன் அமுக்கத் தெரியவில்லை என்று நினைத்து, மறுநாள் திரும்ப அமுக்குவார். மேலே அவர் காத்திருந்த அதே நேரத்தில்தான் கீழே நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. கீழ்வீட்டு அக்கா பரிகாரம் சொன்னது வெள்ளிக்கிழமை. அன்றைக்கே விளக்கு வைக்கிற நேரத்தில் ஐந்து காகிதத்தையும் நான்காக மடித்து, மேலே குங்குமம் தடவிப் பிளந்த எலுமிச்சம்பழமும் காய்ந்த மிளகாயும் வைத்து, என் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, ரேஷன் கடைக்குப் பக்கத்து முச்சந்தியில் அம்மா கற்பூரம் கொளுத்தினாள். என்னை அதைத் தாண்டச் சொன்னாள். தாண்டினேன். திரும்பிப் பார்க்காமல் வா என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

திரும்பிப் பார்க்காதே என்றால் எந்தப் பிள்ளை பார்க்காமல் இருக்கும்? பார்த்தேன். காற்றில் கற்பூரம் அணைந்திருந்தது. மடிப்பு பிரிந்து மேல் காகிதம் விரிந்து கிடந்தது. பால் பாக்கெட்டோடு வந்த மேல்வீட்டு ஆன்ட்டி, எல்லோரையும் போல ஒதுங்கிப் போகப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். பிறகு நடுத்தெருவில் மண்டியிட்டார். எலுமிச்சம்பழத்தை வெறுங்கையால் தள்ளினார். கருகிப் புகைந்த ஓரத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்தார். புடவைத் தலைப்பால் அந்த முகத்திலிருந்த குங்குமத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

அதைத் தொட்டால் தொட்டவர்களைப் பிடித்துக்கொள்ளும் என்று அக்கா சொல்லியிருந்தாரே! பால் கொடுத்த ஆன்ட்டி ஆயிற்றே என்று அம்மாவை விட்டுவிட்டு ஓடினேன். தொடாதீங்க, தொடாதீங்க என்று கையைப் பிடித்து இழுத்தேன். ஆன்ட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். எங்கள் பிரிண்டரில் தானாக வந்தது என்றேன்.

"எத்தனை வந்துச்சு?"

"அஞ்சு ஆன்ட்டி. மொதல் நாள் நல்லா இருந்தா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டா."

அவர் ஒவ்வொரு காகிதமாகப் பிரித்தார். கன்றிப்போன முகம், கண்ணோடு நின்றது, நீலம், கடைசியில் வெள்ளை. வெள்ளைக் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயத்தில்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு இரக்கம் வந்தது. அம்மா எனக்குச் செய்வதுபோல் அவர் தோளில் தட்டிக் கொடுத்தேன்.

"பயப்படாதீங்க ஆன்ட்டி. நாங்க பூஜை பண்ணிட்டோம். அவ இனிமே வரவே மாட்டா."

ஆன்ட்டி என்னையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். சரி, நீ வீட்டுக்குப் போ என்றார். ஐந்து காகிதத்தையும் அடுக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஒரு பெரிய மனுஷிக்குத் தைரியம் சொல்லிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. படிகளை இரண்டு இரண்டாகத் தாவி ஏறி வீட்டுக்கு ஓடினேன்.